பெரிய ரியூட்டரியா, வீட்டு வகுப்பா, சூமா: ஏ.எல். பிள்ளைக்கு எது சரி?

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) கடைசிப் பேப்பரை எழுதிவிட்டுப் பிள்ளை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை வகுப்புக்கு எங்கே விடுவது? றிசல்ட்ஸ் வர மாதக்கணக்காகும், எந்தப் பிரிவு, மட்ஸா பயோவா கொமர்ஸா என்றுகூட வீட்டில் முடிவாகியிருக்காது, ஆனால் யாழ்ப்பாணத்தில் கொக்குவிலிலிருந்து நெல்லியடி வரை மதில்களில் புதிய பட்ச் தொடங்கும் திகதி ஒட்டியாகிவிட்டது. இந்த நாட்களில் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான். "அக்கா, பெரிய ரியூட்டரியில விடுறதோ, வீட்டில எடுக்கிற சேரிட்ட விடுறதோ, இல்லாட்டி சூம் கிளாஸ் காணுமோ?"

ரியூட்டரி என்றால் தனியார் ரியூஷன் நிலையம், சேர் என்றால் ஆசிரியர். ஒரு வரியில் பதில் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் மூத்த மகள் பயோ படித்தவள். முதல் தடவை எழுதியபோது மூன்று பாடத்துக்கும் மூன்று பெரிய வகுப்பு, அதற்கு மேல் வினாத்தாள் செய்விக்கிற பேப்பர் கிளாஸ் இரண்டு, ஒரு றிவிஷன். கிழமைக்கு 26 மணித்தியாலம் வகுப்பிலேயே போனது. நாங்களும் பிள்ளை படிக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தோம். றிசல்ட்ஸ் வந்த பிறகுதான் அவளுடைய கொப்பிகளை எல்லாம் எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன். அழகான நோட்ஸ், ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறாள், ஆனால் அவள் சொந்தமாக எழுதிய விடையில் ஒருவர் சிவப்புப் பேனா பிடித்த இடம் ஐந்து பக்கம்கூட இல்லை. இரண்டாம் தடவை வகுப்பைப் பாதியாகக் குறைத்து, திருத்தித் தருகிற ஆட்களைத் தேடிப் பிடித்தோம். கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைத்தது. இப்போது மகன் மட்ஸ் தொடங்குகிறான், அவனுக்கு அந்த முதல் இரண்டு வருடத்தைத் திரும்பச் செய்ய எனக்கு மனமில்லை.

## எதை வைத்து அளப்பது

என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய அளவுகோல் இது: பிள்ளை எழுதிய விடையை யார் வாசிக்கிறார்?

இணைந்த கணிதத்தை எடுங்கள். ஒவ்வொரு பேப்பரிலும் முதல் பகுதியில் 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. இரண்டாம் பகுதியில் 7 கேள்வியில் 5 செய்ய வேண்டும், ஒவ்வொன்றும் 150 புள்ளி. இந்தப் புள்ளிகள் கடைசி விடைக்கு மொத்தமாக விழுவதில்லை, படிப்படியாக விழும். கணக்கு விளங்கிய பிள்ளை இரண்டு படியை மனதுக்குள் செய்துவிட்டு மூன்றாவதை எழுதினால், விடை சரியாக இருந்தும் புள்ளி போகும். அதைப் போர்டில் பார்த்துக் கற்க முடியாது, அவன் எழுதியதை ஒருவர் வாசித்து "இந்த இடத்தில ஏன் பாய்ஞ்சனீ?" என்று கேட்டால்தான் பிடிபடும். கெமிஸ்ரியில் காரணம் கேட்கிற இடங்களும் பயோவின் எசேயும் இதே கதைதான். பிள்ளைக்கு விடை தெரியும், புள்ளித்திட்டத்தில் இருக்கிற சொல் மட்டும் அவளுடைய விடையில் இருக்காது.

அடுத்தது, பிள்ளைக்குத் தானாகப் படிக்க மிஞ்சுகிற நேரம். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது. இரண்டு மணி தொடக்கம் இரவு பத்து வரை எட்டு மணித்தியாலம், ஐந்து நாளுக்கு 40. சனி ஞாயிறு இரண்டுக்கும் 28 என்று வையுங்கள். மொத்தம் 68. எங்கள் மகளுக்கு வகுப்பு 26, சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய்வந்தது இன்னும் 9. மிச்சம் 33. அதற்குள்தான் சாப்பாடு, குளிப்பு, உடுப்புத் தோய்ப்பு, கோயில், ஒரு செத்தவீடு, ஒரு காய்ச்சல் எல்லாம். மூன்று பாடத்தையும் தானாக இருந்து செய்து பார்க்க ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் மிஞ்சினால் பெரிது.

மூன்றாவது, தியரி, அதாவது பாடம் முழுவதையும் படிப்பித்து முடிப்பது, எந்த மாதம் முடியும்? கேட்டால் எல்லோரும் "நேரத்துக்கு முடிப்பம்" என்பார்கள், மாதத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பரீட்சைத் திகதியே கடந்த வருடங்களில் அசைந்துகொண்டிருந்தது: 2022ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கியது, 2023க்கானது 2024 ஜனவரியில், 2024க்கானது அதே வருடம் நவம்பரில். பரீட்சை பின்னுக்குப் போகும் என்று நம்பி ஆறுதலாகப் படிப்பிக்கிற இடத்தில் பிள்ளை இருந்தால், கடைசியில் பேப்பர் செய்ய வேண்டிய மாதங்களில்தான் அவன் புதுப் பாடம் படித்துக்கொண்டிருப்பான்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லலாம். முழுச் செலவு என்றால் மாதக் காசு மட்டுமில்லை, அட்மிசன், ரியூட் (அச்சடித்த குறிப்பு), பேப்பர் காசு, விசேட வகுப்பு, பஸ், டேட்டா, மாலையில் பசிக்கு வாங்கும் ரோல்ஸ் வரைக்கும். பாதுகாப்பு என்றால் ஆறரைக்கு இருட்டிய பிறகு பிள்ளை எந்தப் பாதையால், யாரோடு வருகிறது என்பது.

இன்னொன்று. போஸ்டரில் உள்ள "3ஏ" படங்களை வைத்து வகுப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே பிள்ளையின் படம் மூன்று இடத்துப் போஸ்டரில் வரும், ஏனென்றால் அந்தப் பிள்ளை மூன்று இடத்திலும் படித்திருக்கும். எத்தனை பேர் அங்கிருந்து எழுதினார்கள் என்பது மட்டும் போஸ்டரில் இருக்காது. அதோடு 75 எடுத்தாலும் ஏதான், 95 எடுத்தாலும் ஏதான். கம்பஸுக்குப் பார்ப்பது இசட் ஸ்கோரை. ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் புள்ளி எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்து, அதை நியம விலகலால் பிரித்து, மூன்று பாடத்தையும் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். பிறகு பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மூன்று பாடத்துக்கும் ஒரே நிறை என்பதால், பலவீனமான பாடம் ஒன்று மற்ற இரண்டையும் கீழே இழுக்கும். அதனால் நல்ல வகுப்புக்குச் செலவழிக்கிற காசும் நேரமும் முதலில் அந்தப் பலவீனமான பாடத்துக்குத்தான் போக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் மாறித்தான் நடக்கிறது: பிள்ளைக்குப் பிடித்த பாடத்துக்கு இரண்டு சேர், பயப்படுகிற பாடத்துக்கு ஒன்று.

## பெரிய ரியூட்டரி

இதைக் குறைவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இருபது முப்பது வருடம் ஒரே பாடத்தைப் படிப்பித்த மாஸ்டர்மார் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். சண்டை நடந்த காலத்திலும், பாதை பூட்டியிருந்த காலத்திலும், மண்ணெண்ணெய் விளக்கில் எங்களைப் படிப்பித்து ஏற்றிவிட்டது இந்தக் கொட்டில்கள்தான். பாடம் ஒழுங்காக வரும், தியரி சொன்ன மாதத்தில் முடியும், ரியூட் அச்சடித்து வரும், மாதக் காசும் மற்ற வகைகளைவிடக் குறைவு. தன்னைப் போல நூறு பேர் படிக்கிறார்கள் என்று பார்க்கும்போது சில பிள்ளைகளுக்கு வருகிற வேகம் வீட்டில் தனியாக இருந்தால் வராது.

மறைந்திருக்கிற செலவு வேறு இடத்தில். தகரக் கூரைக்குக் கீழே வைகாசி வெயிலில் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு மைக் சத்தம் மட்டும்தான் கேட்கும். என் மகள் சந்தேகம் கேட்கக் கூச்சப்படுகிறவள், இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த வகுப்பில் கை தூக்கவில்லை. ஒரு இடத்தில் மாதா மாதம் பேப்பர் காசு வாங்கினார்கள், பேப்பர் எழுதுவித்தார்கள், பிறகு விடையைப் போர்டில் போட்டு "நீங்களே திருத்துங்கோ" என்றார்கள். பதினேழு வயதுப் பிள்ளை தன் பேப்பருக்குத் தானே புள்ளி போட்டால் என்ன நடக்கும்? 80 என்று போட்டுக்கொண்டு வந்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் 52 வந்தது. நாங்கள் 80ஐத்தான் நம்பினோம்.

எல்லா இடமும் அப்படி இல்லை. சில வகுப்புகளில் கம்பஸ் பிள்ளைகளை வைத்து ஒழுங்காகத் திருத்தி, ஒரு கிழமைக்குள் கையில் கொடுக்கிறார்கள். சேரும் முன் கேட்க வேண்டியது இதைத்தான். ஏற்கனவே அங்கே படிக்கும் பிள்ளையின் திருத்திய பேப்பர் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். வெறும் சரி பிழை போட்டிருக்கிறதா, எங்கே புள்ளி போனது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பெரிய வகுப்பு யாருக்குப் பொருந்தும்? வீட்டுக்கு வந்து அன்றைய பாடத்தை அன்றே திரும்பச் செய்கிற, கேட்கப் பயப்படாத பிள்ளைக்கு. தியரிக்கு. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் கிடக்கிற பிள்ளைக்கு இது கட்டாயத் தேவையும்கூட.

## சேர் வீட்டு வகுப்பு

விறாந்தையில் ஒரு வெள்ளைப் போர்ட், இரண்டு வரிசை வாங்கு, எட்டிலிருந்து பதினைந்து பிள்ளைகள். மாஸ்டருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், அது எந்த அலகில் தடுமாறும் என்றும் தெரியும். வராவிட்டால் வீட்டுக்குக் கோல் வரும். என்னுடைய முதல் அளவுகோலுக்கு இதுதான் இயல்பாகவே பொருந்துகிற வகை, ஏனென்றால் பதினைந்து பேப்பரை ஒரு மனிதர் ஒரு இரவில் திருத்தலாம், இருநூறை முடியாது.

ஆனால் ஒரு ஆளை நம்பித்தான் எல்லாம். அவர் அரசாங்க ஆசிரியர் என்றால் இடமாற்றம் வரலாம், சுகமில்லாமல் போகலாம், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கூப்பிட மூன்று மாதம் போய்வரலாம். பெரிய இடத்தில் மாற்று ஆள் வருவார், இங்கே வகுப்பே நிற்கும். தியரியும் இழுபடும், ஒரு பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் எல்லோருக்காகவும் நிற்கிற நல்ல மனம் உள்ள சேர்மாரிடம் இது கட்டாயம் நடக்கும். இன்னொரு விஷயமும் கண்டிருக்கிறேன். ஒரு வருடம் நல்ல றிசல்ட்ஸ் வந்தால் அடுத்த வருடம் அதே விறாந்தையில் நாற்பது பேர். பிறகு அது சிறு வகுப்பு இல்லை, மின்விசிறி குறைந்த பெரிய வகுப்பு. சேரும்போது "எத்தனை பேரோட நிப்பாட்டுவீங்கள், சேர்?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் அதே பிள்ளைக்கு அதே பாடத்தைப் படிப்பிக்கிற ஆசிரியரிடமே பின்னேரம் காசுக்கு விடுவதை நான் தவிர்ப்பேன். பள்ளிக்கூடத்தில் கிடைக்க வேண்டியதை வெளியில் வாங்குகிற மாதிரி ஆகிவிடும், வகுப்புக்கு வராத மற்றப் பிள்ளைகளுக்கும் அது நியாயமில்லை.

கூச்சமான பிள்ளை, நடுத்தரமாகப் படிக்கிற பிள்ளை, அடிப்படையில் ஓட்டை உள்ள பிள்ளை ஆகியோருக்கு இந்த வகைதான் நல்லது. இரண்டாம் தடவை எழுதுகிறவர்களுக்கும்.

## தனி வகுப்பு

ஆகக் கூடிய காசு இதற்குத்தான், அதனால் இது ஆக நல்லது என்று நினைத்துவிடுகிறோம். இரண்டு வருடம் முழுக்கத் தனியாக ஒரு சேரை வைத்துப் படித்த பிள்ளைகளில் எனக்குத் தெரிந்த சிலர் பரீட்சை மண்டபத்தில் திணறியிருக்கிறார்கள். பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருந்து "அடுத்தது என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தால், கணக்கோடு தனியாக இருபது நிமிடம் மல்லுக்கட்டுகிற பழக்கம் வராது. பிசிக்ஸ் முதல் பேப்பரில் இரண்டு மணித்தியாலத்தில் 50 கேள்வி, ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. அங்கே தூண்டிவிட ஆளில்லை.

தனி வகுப்பை மருந்து மாதிரிப் பாவியுங்கள். ஒரு அலகு, இரண்டு அலகு, எட்டுப் பத்துக் கிழமை. நிலையியல் விளங்கவில்லை, சேதன இரசாயனம் கலங்குகிறது, கணக்கீட்டில் ஒரு பகுதி விட்டுப்போய்விட்டது என்றால் அதற்கு மட்டும் ஒருவரைப் பிடித்து முடித்துவிட்டு நிறுத்திவிடலாம். நீண்ட நாள் சுகமில்லாமல் இருந்து வந்த பிள்ளைக்கு இதைவிட வேறு வழியில்லை. பெண் பிள்ளையோ ஆண் பிள்ளையோ, வகுப்பு முன் விறாந்தையில், வீட்டு ஆட்கள் நடமாடும் இடத்தில் நடக்கட்டும். இதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை, நல்ல ஆசிரியர்கள் தாங்களே கதவைத் திறந்து வைக்கச் சொல்வார்கள்.

## சூம் வகுப்பு

நெடுந்தீவில் இருக்கிற ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பஸ், யாழ்ப்பாணத்தில் வகுப்பு, பிறகு கடைசிப் படகுக்கு முன்னம் திரும்பி ஓட வேண்டும். காற்றுக் காலத்தில் படகே ஓடாது. அந்தப் பிள்ளைக்கு சூம் வகுப்பு வந்தது பெரிய விடிவு. கொழும்பில் இருக்கிற சேரிடமோ, வெளிநாட்டில் இருந்துகொண்டு இலவசமாகப் படிப்பிக்கிற எங்கள் ஆட்களிடமோ வீட்டிலிருந்தே படிக்கலாம். கார்த்திகை மழையில் வெள்ளம் நின்றாலும் வகுப்பு நிற்காது. விளங்காத இடத்தை றெக்கோர்டிங்கில் மூன்று தரம் கேட்கலாம்.

செலவு மெதுவாகத்தான் தெரியவரும். டேட்டா, நல்ல போன், கண். எல்லாவற்றையும்விட அந்த றெக்கோர்டிங். "பிறகு பார்ப்பம்" என்று விட்டுவிட்டுக் கடைசி மாதத்தில் நாற்பது மணித்தியால வீடியோவோடு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கமரா பூட்டியிருக்கும், பிள்ளை கட்டிலில் படுத்திருக்கும், நாங்கள் வெளியில் இருந்து படிக்கிறான் என்று நினைப்போம். வீட்டில் ஒருவர் அந்த நேரம் கூட இருக்க முடியாது என்றால் இந்த வகையை முழுதாக நம்ப வேண்டாம். விடைத்தாளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள், அது திருத்தித் திரும்பி வருகிறதா என்று முதல் மாதத்திலேயே பாருங்கள்.

யூரியூப்பில் இலவசமாகக் கிடைப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பாட வீடியோக்கள் நன்றாகவே விளங்கப்படுத்துகின்றன, என் மகனும் பார்க்கிறான், ஆனால் கலைச்சொல் வேறு. அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே செல், இங்கே கலம். அங்கே ஹைட்ரஜன், இங்கே ஐதரசன். ஆக்ஸிஜனேற்றம் என்று அவர்கள் சொல்வது எங்களுக்கு ஒட்சியேற்றம். கருத்தைப் பிடிக்க அதைப் பாருங்கள், எழுதும்போது எங்கள் பாடநூலின் சொல் வர வேண்டும், இல்லாவிட்டால் பரீட்சைப் பேப்பரில் கேள்வியை வாசிக்கும்போதே பிள்ளை ஒரு கணம் தடுமாறும்.

"சூமில் படிப்பதைவிடக் கொழும்புக்கே அனுப்பினால் என்ன?" என்றும் சிலர் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தையே மாற்றுவதாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு தரம் யோசியுங்கள். கம்பஸ் அனுமதியில் மாவட்டம் எது என்பதைப் பள்ளிக்கூடப் பதிவை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

## கம்பஸ் அண்ணா, அக்கா

என் மகளின் இரண்டாம் தடவையை மாற்றியவர் இப்படியான ஒரு அக்கா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். கிழமைக்கு ஒரு நாள், ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம். அவர் பாடம் படிப்பிக்கவே இல்லை. மகள் அந்தக் கிழமை நேரம் வைத்து எழுதிய ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருத்தி, வரி வரியாக வாசிப்பார். "இது சரி, ஆனா இதுக்குப் புள்ளி இல்லை. இந்தச் சொல்லை எழுதினாத்தான் புள்ளி." அவ்வளவுதான். இரண்டு மூன்று வருடத்துக்கு முன் தானே அதே மண்டபத்தில் இருந்து எழுதியவர் என்பதால் எங்கே நேரம் போகும், எந்தக் கேள்வியைக் கடைசிக்கு விட வேண்டும் என்பதெல்லாம் கையில் இருந்தது.

தியரிக்கு இவர்களை நம்ப வேண்டாம். நன்றாகப் படித்தவர் எல்லோருக்கும் படிப்பிக்க வராது, தங்களுக்கு லேசாக வந்ததை ஏன் மற்றவருக்கு வரவில்லை என்று விளங்காது. செமஸ்டர் பரீட்சை வந்தால் ஒரு மாதம் காணாமல் போவார்கள். பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பதால் அந்தப் பிள்ளைகள் வார இறுதியில்தான் வீட்டுக்கு வருகிறார்கள், அதைப் பார்த்து நாள் பேசுங்கள். காசைக் குறைத்துப் பேசாதீர்கள், அவர்களும் அந்தக் காசில்தான் தங்கள் படிப்பைக் கொண்டுபோகிறார்கள்.

## வகுப்பே இல்லாமல்

சொன்னால் வீட்டில் பயப்படுவார்கள், ஆனால் மூன்று பாடத்துக்கும் வகுப்புத் தேவையில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்துக்கு நல்ல ஆசிரியர் இருந்தால் அந்தப் பாடத்துக்கு வெளியே போகாமல் இருப்பது கிழமைக்கு ஐந்தாறு மணித்தியாலத்தை மிச்சப்படுத்தும். பிசிக்ஸ் ஸ்ட்ரக்சர்ட் (அமைப்புக் கட்டுரை) பகுதியில் பரிசோதனைக் கேள்விகள் தவறாமல் வரும், ஆய்வுகூடம் ரியூட்டரியில் இல்லை, பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வகுப்புக்குப் போகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் சரியாகப் படவில்லை.

தானாகப் படிக்கத் தேவையானது எல்லாம் கிடைக்கிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும், பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகாலப் பேப்பர்களும் மதிப்பீட்டு அறிக்கைகளும். அந்த அறிக்கைகளைப் பெற்றோரும் வாசிக்க வேண்டும், பிள்ளைகள் எந்தக் கேள்வியில் எப்படிப் பிழை விடுகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பேப்பர்கள் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய சொத்து. மொறட்டுவப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத் தமிழ் மாணவர்கள் நடத்துகிற முன்னோடிப் பரீட்சையையும் தவறவிட வேண்டாம், மட்ஸ், பயோ பிள்ளைகளுக்கு உண்மையான பரீட்சைக்கு முன் தன் இடத்தைத் தெரிந்துகொள்ள நல்ல சந்தர்ப்பம்.

## ஒரே பார்வையில்

| வகை | விடைத்தாளைப் பார்ப்பது | தியரி முடிவது | தெரியாமல் போகும் செலவு |
|---|---|---|---|
| பெரிய ரியூட்டரி | இடத்துக்கு இடம் வேறு, கேட்டுப் பார்க்க வேண்டும் | பெரும்பாலும் நேரத்துக்கு | ரியூட், விசேட வகுப்பு, போய்வரும் நேரம் |
| சேர் வீட்டு வகுப்பு | சேரே பார்ப்பார் | இழுபடலாம் | அவர் நின்றால் எல்லாம் நிற்கும் |
| தனி வகுப்பு | உடனுக்குடன் | பிள்ளையின் வேகத்தில் | தனியாகச் செய்யும் பழக்கம் குறையும் |
| சூம் | திரும்பி வந்தால் உண்டு | நேரத்துக்கு | டேட்டா, சேர்ந்துபோகும் றெக்கோர்டிங் |
| கம்பஸ் அண்ணா, அக்கா | வரி வரியாக | இதற்கு வேண்டாம் | செமஸ்டர் காலத்து இடைவெளி |

## கலந்து எடுப்பது

ஒரு வகையை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. மகனுக்கு நாங்கள் போட்டிருக்கிற திட்டம் இது. இணைந்த கணிதம் அவனுக்குப் பயமான பாடம், அதனால் அது சேர் வீட்டு வகுப்பு. கெமிஸ்ரி தியரிக்குப் பெரிய ரியூட்டரி, சைக்கிளில் பத்து நிமிடம். பிசிக்ஸுக்குப் பள்ளிக்கூடம் மட்டும், இரண்டாம் வருடத்தில் தேவைப்பட்டால் பார்ப்போம். தியரி முடிந்த பிறகு ஒரு கம்பஸ் அண்ணா, பேப்பர் பார்க்க மட்டும். கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வகுப்பு இல்லை என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம், புதிதாக ஒன்று சேர்த்தால் பழையது ஒன்று போக வேண்டும்.

கொமர்ஸ் பிள்ளைக்கு இதே கணக்கு கொஞ்சம் மாறும். கணக்கீட்டுக்கு நிறையச் செய்து பழக வேண்டும், சிறு வகுப்பு நல்லது. பொருளியலுக்குப் பெரிய வகுப்போ சூமோ காணும், எழுதிய விடையை ஒருவர் வாசித்தால் சரி. கலைப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வகுப்பைவிட வாசிப்பும் எழுதிப் பழகுவதும் தேவை. நுண்கலை, கட்டடக்கலை மாதிரித் துறைகளுக்கு இசட் ஸ்கோரோடு தனியாக உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ உண்டு. அதற்கான விண்ணப்பத் திகதியைப் பத்திரிகையில் பார்த்துக்கொண்டிருங்கள், இதை எந்த ரியூட்டரியும் ஞாபகப்படுத்தாது.

எங்கே சேர்த்தாலும் மூன்று மாதம் ஒரு தவணை என்று வையுங்கள். முதல் நாளே வருடக் காசு கட்ட வேண்டாம். மூன்றாம் மாத முடிவில் பிள்ளையின் வெளிக்கள நிலையப் பேப்பரையும் வகுப்புப் பேப்பரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வகுப்பில் 80, வெளிக்களத்தில் 50 என்றால் எங்கோ ஒரு இடத்தில் பொய் இருக்கிறது. புள்ளி ஏறவில்லை என்றால் முதலில் பிள்ளையோடு பேசுங்கள், பிறகு சேரோடு. "எங்க பிழைக்கிறான் சேர்?" என்று கேட்டால் ஒரு அலகின் பெயரையாவது சொல்லத் தெரிந்தவர் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "கவனம் காணாது, இன்னும் படிக்கோணும்" என்று மட்டும் சொன்னால் அவர் பார்க்கவில்லை. ஏ.எல். எழுத மூன்று தடவை இருக்கிறது என்பது உண்மை, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு வருடம்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்கும் இப்படியே தேடலாமா என்று ஒரு தாய் கேட்டிருந்தார். வேண்டாம், தங்கச்சி. பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்று இடம் தேவையில்லை. வகுப்பாசிரியர் செய்விக்கிற பயிற்சி, வீட்டில் நீங்கள் பக்கத்தில் இருந்து கிழமைக்கு ஒரு மாதிரிப் பேப்பர், இருட்டுமுன் விளையாட்டு, எட்டரைக்குப் படுக்கை. சுற்றிவர எல்லோரும் விடுகிறார்கள் என்று மனம் கேட்காவிட்டால் வீட்டுக்கு ஆகக் கிட்ட இருக்கிற ஒரு ரீச்சரிடம் விடுங்கள், அதுவும் ஒன்று மட்டும்.

கரவெட்டியிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு: உங்கள் மகள் கூச்சம், கெமிஸ்ரி பயம், யாழ்ப்பாணம் போய்வர நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் என்கிறீர்கள். நெல்லியடியிலேயே சிறு வகுப்பாகப் பாருங்கள். சேரைச் சந்திக்கப் போகும்போது அவள் கடைசியாக எழுதிப் பழகிய ஓ.எல். விஞ்ஞான மாதிரிப் பேப்பர் ஒன்றைக் கையில் கொண்டுபோய், "இதை ஒருக்கா பாருங்கோ சேர்" என்று கொடுங்கள். அவர் அதை வாங்கிப் புரட்டி, பேனாவை எடுத்து, மகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால், அந்த இடத்திலேயே சேர்த்துவிட்டு வாருங்கள்.